பசுவை நடுவில் நிறுத்திப் பேசிய மாதங்கள்

எனக்குக் கோபம் வந்தால் கத்தத் தெரியாது. வாயை மூடிக்கொள்வேன். கத்துகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கத்தி முடித்ததும் அவர்களுக்குப் பசிக்கும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவார்கள். என்னைப் போன்ற ஊமைக் கோபக்காரிகளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கோபத்தை மடியில் கட்டிக்கொண்டு அலைவோம். இறக்கி வைக்கவும் மனசு வராது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மதுரையை ஒட்டிய பரவைக்குப் பக்கத்தில், விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டுக்கு இளைய மருமகளாகப் போனேன். மாமியார் காலமாகிவிட்டிருந்தார். வீட்டை ஆண்டது மூத்த மருமகள், என் ஓரகத்தி. நான் அவளை அக்கா என்றே கூப்பிட்டேன். என்னைவிட அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். ஒரே மகளைச் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்துவிட்டு, கையில் வேலை இல்லாதது போல என்னைப் பிடித்துக்கொண்டாள். என் தலையை வலிக்க வலிக்க இழுத்துச் சீவி விடுவாள். சாப்பிட்டது போதாது என்று திட்டிக்கொண்டே மறுபடி கூழை ஊற்றுவாள். பேச்சு பட்டாசு, மனசு பஞ்சு.

எனக்கு அம்மா கிடையாது. முகம் நினைவில் நிற்கும் முன்பே போய்விட்டாள். அப்பாவும் என் கல்யாணத்துக்கு மறு வருஷமே போய்ச் சேர்ந்தார். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கு எதுவும் மிச்சமில்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் யாராவது கை வைத்தால் எனக்குத் தாங்காது.

அக்கா அங்கேதான் கை வைத்தாள். களத்தில் காயப் போட்டிருந்த கம்பை அள்ளாமல் நான் கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். மழை கொட்டிவிட்டது. அத்தனை கம்பும் நனைந்து போனதைப் பார்த்ததும் அக்கா தலையில் அடித்துக்கொண்டு, நாலு பேர் முன்னால் சொன்னாள்:

"தாய் இருந்து வளத்திருந்தா இம்புட்டுப் பொறுப்பில்லாம இருப்பியா நீ?"

சொல்லிவிட்டு அவள் மறந்தும் போனாள். அன்று ராத்திரி என் தட்டில் அயிரை மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். மீனை நான் விடவில்லை. அவளோடு பேச்சைத்தான் விட்டேன்.

எங்கள் பக்கத்துச் சம்சாரி வீடுகளில் பேச்சை விடுவதற்கு ஒரு முறை உண்டு. மாதக்கணக்கில் பேசாமல் இருக்கலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் வேலை நிற்கக் கூடாது. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே உரலில் இடிக்கிறவர்கள் வாயைத் திறக்காமல் எப்படிக் காலம் தள்ளுவது? அதனால் சொல்ல வேண்டியதை நடுவில் வேறு ஒன்றை நிறுத்தி அதனிடம் சொல்வார்கள். சில வீடுகளில் கைக்குழந்தையிடம், சில வீடுகளில் சுவரிடம். கோழி சரிப்படாது, பாதிப் பேச்சில் ஓடிவிடும். எங்களுக்கு வாய்த்தது தொழுவத்தில் நின்ற செவலைப் பசு. நல்ல பொறுமைசாலி.

"இந்தா, தண்ணி எடுக்கப் போறவங்க ரெண்டு குடமாக் கொண்டாந்தா நல்லா இருக்கும்" என்று அக்கா அதன் முதுகைத் தடவிக்கொண்டே சொல்வாள். "ரெண்டு குடம் எடுத்தாச்சுன்னு சொல்லு. கண்ணு இருக்கிறவங்க பாத்துக்கலாம்" என்று நான் வைக்கோலை உதறிக்கொண்டே சொல்வேன். பசு இரண்டு பேரையும் பார்த்து அசைபோடும்.

ஒரு நாள் அக்கா தொழுவத்தில் நின்று, "உறியில மாங்கா வச்சிருக்கேன். ஆசையா இருந்தா எடுத்துத் திங்கச் சொல்லு" என்றாள். அந்தப் பக்கமாக வந்த மாமனார் நின்றுவிட்டார்.

"ஏத்தா, மாட்டுக்கு எதுக்கு மாங்கா? வயித்தால போகும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்காவுக்கும் வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். சேர்ந்து சிரித்தால் பேசியதாக ஆகிவிடுமோ என்ற பயம்.

நான் உண்டாகியிருப்பதை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். ஒரு உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது எதிரே நிற்பவளின் மூச்சு நமக்குத் தெரிந்துவிடும். என் உலக்கை ஓர் அடி பிந்தியது. அக்கா தன் உலக்கையை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். என் கையில் இருந்த உலக்கையைப் பிடுங்கிச் சுவரில் சாத்திவிட்டு நேராகத் தொழுவத்துக்குப் போனாள்.

"இனிமே ஒலக்கையைத் தொடக் கூடாதுன்னு சொல்லிப்புடு. புள்ளத்தாச்சிக்கு இதெல்லாம் ஆகாது" என்று பசுவிடம் சொன்னாள். என் கணவருக்குத் தெரிவதற்கு முன்னால் அந்தச் செய்தி பசுவுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றே நான் பேசியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. ஆனால் அந்த ஒரு சொல் முள் மாதிரி நின்றது. அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் என் முகத்தைப் பார்த்து, என்று நான் காத்திருந்தேன். அவளுக்கோ எந்தச் சொல் என்றே தெரியாது. கம்பு நனைந்ததற்குத் திட்டியதில் கோபம் என்று நினைத்திருந்தாள். நான் சொன்னால்தானே தெரியும்? சொல்வதற்குப் பேச வேண்டுமே.

இதற்கிடையில் என் கணவருக்கு மதுரையில் நூல் ஆலையில் வேலை கிடைத்தது. செல்லூரில் ஒற்றை அறை பார்த்து வந்தார். கிளம்புகிற அன்று மாமனார் காலில் விழுந்து எழுந்தேன். அக்கா அடுப்படியை விட்டு வரவில்லை. நான் தொழுவத்துக்குப் போய், "போயிட்டு வாரேன்" என்றேன். அடுப்படிக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். "பாத்துப் பதனமாப் போயிட்டு வரச் சொல்லு. வண்டியில குலுங்காம ஒக்காரச் சொல்லு" என்று அங்கிருந்து பதில் வந்தது. பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

செல்லூரில் விடிந்தால் தறிச் சத்தம், படுத்தால் தறிச் சத்தம். சந்தில் எதிரெதிர் வீடுகள் கைக்கு எட்டும். பேச ஆட்கள் உண்டு, ஆனால் நான் பேச நினைத்த ஆள் அங்கே இல்லை. அப்போதுதான் ஒன்று விளங்கியது. பேச்சு இல்லை என்று சொல்லிக்கொண்டே அக்காவும் நானும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். பசு இல்லாத ஊருக்கு வந்த பிறகுதான் உண்மையாகவே பேச்சு நின்றது.

என் கணவர் சந்தைக்குப் பரவை போய்வரும்போதெல்லாம் கேட்பேன்.

"அவங்க ஏதும் சொல்லி விட்டாங்களா?"

"மதினியா? செவலை சரியாத் தீனி எடுக்க மாட்டேங்குதாம். சொல்லச் சொன்னாங்க" என்பார்.

அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எனக்குப் புரியும். "செவலையை ஒடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்புவேன். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒரு மாடு" என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனாலும் ஒரு சொல் குறையாமல் கொண்டு போய்ச் சேர்ப்பார்.

மாதம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் தாய் வீட்டுக்குப் போவார்கள். எனக்கு எந்த வீடு? பக்கத்துச் சந்தில் கைராசிக்கார மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். ஆனால் பிள்ளை பெறும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். எனக்குத் தெரிந்த கை ஒன்றே ஒன்றுதான்.

"பரவைக்கே போயிருவமா புள்ள?" என்று என் கணவர் கேட்டார்.

"அவங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டும். வாரேன்" என்றேன்.

அவளுக்கும் அதே வீம்பு. பேச்சு விட்டுப்போன வீட்டுக்குக் கூப்பிடாமல் போகக் கூடாது என்பதும் எங்கள் பக்கத்து முறைதான். அவள் கூப்பிட வேண்டும் என்று நான். நான் கூப்பிட வேண்டும் என்று அவள். எனக்கு அழுகை அழுகையாக வரும். செத்துப்போய்விட்டால் இந்தக் கோபத்தை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் சந்து முனையில் ஒரே கூச்சல். நெசவாளிகள் தறிக்கு ஏற்றும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏம்மா, பாவுக்குள்ள மாட்டை விடுறியே! நூலெல்லாம் அறுந்து போகும்மா!" என்று யாரோ கத்தினார்கள். எட்டிப் பார்த்தேன். தலையில் ஒரு மூட்டை, கையில் கயிறு, கயிற்றின் முனையில் செவலைப் பசு. பரவையிலிருந்து வெயிலுக்கு முன்னால் புறப்பட்டு, மாட்டையும் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாள் அக்கா.

பால் வேண்டும் என்றால் செல்லூரில் பாலுக்கா பஞ்சம்? பேசுவதற்குத்தான் கொண்டுவந்திருந்தாள்.

என் வாசலுக்கு வந்ததும் பசுவைப் பார்த்துச் சொன்னாள்: "வந்து சேந்தாச்சு. உள்ள இருக்கிறவங்க வரச் சொன்னா வருவோம். இல்லேன்னா இப்படியே திரும்பிப் போவோம்."

எனக்கு ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இம்புட்டுத் தூரம் நடந்தவங்களுக்குக் கால் வலிக்காதா? உள்ள வந்து ஒக்காரச் சொல்லு."

அவள் உட்கார்ந்தாள். மூட்டையைப் பிரித்துச் சுக்கு, கருப்பட்டி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சேலைத் துணிகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பசுவைக் கட்டுவதற்குச் சந்து முனையில் ஒரு வேப்ப மரம்தான் இருந்தது. அதனால் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவள் வேப்ப மரம் வரை நடக்க வேண்டும். உப்புக் குறைச்சல் என்று சொல்ல ஒரு நடை, வெந்நீர் தயார் என்று சொல்ல ஒரு நடை. பதில் சொல்ல நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன்.

எதிர் வீட்டம்மாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஒங்க அக்கா எந்நேரமும் மாட்டோடயே பேசுறாங்களே. கொஞ்சம் ஒரு மாதிரியோ?"

எனக்கு வந்ததே கோபம். அன்றைக்கு நான் வாயை மூடவில்லை. "எங்க அக்காவைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்கன்னா நல்லா இருக்காது" என்று தெருவே கேட்கக் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன். மனசு எவ்வளவு லேசாகிறது! அக்கா வேப்ப மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பசுவிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

நாலைந்து நாள் கழித்து, என் கணவர் ஆலைக்குப் போன பிறகு வலி வந்தது. மருத்துவச்சி வந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். அக்கா என் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என்னைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வலி ஏற ஏற அவளும் பதறினாள். என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் போல அவளுக்கு இருந்திருக்கும். பழக்க தோஷத்தில் வாசல் பக்கம் திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது.

"அம்மான்னு கத்து தாயி, வலியைத் தாங்கலாம்" என்றாள் மருத்துவச்சி.

எனக்கு அந்தச் சொல் வரவில்லை. யாரையும் பார்த்துக் கூப்பிட்டுப் பழகாத சொல். வாயைத் திறந்து திறந்து பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. "எனக்கு அம்மா இல்லை, எனக்கு அம்மா இல்லை" என்று அழுதேன். அடுத்த வலி முதுகைப் பிளந்தபோது என்னை அறியாமலே "அக்கா!" என்று அலறினேன்.

அவள் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் கண்ணைப் பார்த்து, எனக்கே எனக்கென்று பேசினாள். நல்ல கோபத்தோடுதான் பேசினாள்.

"இங்கனதான்டி இருக்கேன். எவடி சொன்னா ஒனக்கு அம்மா இல்லேன்னு? எவ சொன்னா? சொல்லு, அவளை நான் பாத்துக்கிறேன்."

எனக்குச் சொல்ல மூச்சு இல்லை. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அக்கா என்று கத்தினேன். அவள் மறுபடியும், இங்கனதான் இருக்கேன் என்றாள்.