கிரில்லில் கட்டிய முகம்

என் மச்சான் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் சர்பஞ்ச் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்ததும் செய்த முதல் வேலை, கைகூப்பிச் சிரிக்கும் தன் முகத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து, எங்கள் பழைய லாரியின் முன்பக்க கிரில்லை மூடிக் கட்டியதுதான். மறுநாள் திருப்பதியிலிருந்து மாங்காய் லோடோடு சித்தூருக்குக் கிளம்பினோம். ஓட்டுவது நான், பக்கத்தில் அவர். சந்திரகிரியிலேயே ரேடியேட்டர் கொதித்துப் புகைவிட்டது.

காற்று உள்ளே போக வழியில்லை என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

"ஃபேன் போயிந்தண்ணா," என்று தெலுங்கில் ஃபேன் மேல் பழியைப் போட்டார் அங்கிருந்த மெக்கானிக். அவருக்கும் காரணம் தெரியும். ஆனால் நாளைய சர்பஞ்சிடம் போய், கோளாறு உங்கள் மூஞ்சிதான் என்று யார் சொல்வது? இன்ஜின் பெல்ட்டில் நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார். மச்சான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார்.

பாகாலா போவதற்குள் மறுபடியும் கொதித்தது.

"இதுவும் டூப்ளிகேட் ஃபேனா கீது," என்றார் மச்சான்.

"ஃப்ளெக்ஸை அவுத்துட்லாம் மச்சான்."

"நாமினேஷனுக்கு முன்னாடியே அவுத்தா, பயந்துக்கினான்னு சொல்லுவானுங்க."

கடைசியில், அவிழ்க்காமல் ஓட்டை மட்டும் போட ஒத்துக்கொண்டார். பிளேடை எடுத்து, சிரித்துக்கொண்டிருந்த வாயைக் காதுக்குக் காது அகலமாக அறுத்தேன். சித்தூர் வரை இன்ஜின் சூடேறவே இல்லை.

இத்தனை வருடமாக அந்த வாயிலிருந்து காற்று வெளியே வந்துதான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் உள்ளே போயிற்று. அதனால் ஒருவருக்காவது உபயோகம் ஏற்பட்டதும் அன்றுதான்.