மெர்சிக்கு அடுத்த இடம்

திடப்படுத்தலுக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது என்னையும் மெர்சியையும் பிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அன்பினால் அல்ல. மெர்சி பக்கத்தில் நிற்காவிட்டால் ஞானோபதேசக் கேள்வி பதிலில் ஒரு வரிகூட என் வாயில் வராது.

வேலணையில் எங்கள் லூத்தரன் கோயில் சிறியது. மழை பெய்தால் பாதிச் சபை வராது. வெயில் எறித்தால் மற்றப் பாதி வராது. சுற்றிவரச் சைவக் குடும்பங்கள். அவர்களுக்கு நாங்கள் எல்லோரும் வேதக்காரர், அவ்வளவுதான். ஆனால் கோயிலுக்குள் கதை வேறு. முன்னால் சாய்மானம் வைத்த ஆறு வாங்குகள். பின்னால் சாய்மானம் இல்லாத இரண்டு வாங்குகள். பின் வாங்குகளில் மெர்சியின் ஆட்கள் இருந்தார்கள். பக்கக் கதவால் வந்து பக்கக் கதவால் போனார்கள். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் என்பதை ‘அவை’ என்று கொஞ்சம் இழுத்துச் சொன்னால் போதும், எல்லோருக்கும் விளங்கிவிடும்.

திருவிருந்துக்குப் பந்தி பந்தியாகப் போய் முழங்காலில் நிற்பது வழக்கம். முந்திரிகை இரசம், அதாவது திராட்சைச் சாறு, ஊற்றிய கிண்ணம் ஒன்றுதான். போதகர் அதை ஒவ்வொரு வாயிலும் வைத்துச் சரித்துக்கொண்டு வருவார். முன் வாங்குகள் முதற் பந்தி, பின் வாங்குகள் கடைசிப் பந்தி. ஒரே கிண்ணத்தில் எல்லோரும் ஒன்று என்று பிரசங்கம் கேட்கலாம். அவை வாய் வைப்பதற்கு முன்னமே குடித்து முடித்து வந்து வாங்கிலும் இருந்துவிடலாம். இதைக் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர்தான்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் சபைக்கு முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் முதல்முறையாக அந்தக் கிண்ணம் கிடைக்கும். அதுதான் திடப்படுத்தல். அந்த வருடம் இரண்டே பிள்ளைகள், நானும் மெர்சியும். சனிக்கிழமைகளில் போதகரின் அறையில் வகுப்பு. மெர்சிக்கு எல்லாம் பாடம். எனக்கு ஒவ்வொரு பதிலிலும் முதற்சொல் மட்டும் வராது. அதை யாராவது எடுத்துக் கொடுத்தால் மிச்சம் தண்ணீர்பட்ட பாடு. போதகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர். மெர்சி உதட்டை அசைக்காமல் முதற்சொல்லை மூச்சோடு விடுவாள். மூன்று மாதங்கள் இப்படி ஓடின. என் விசுவாசம் முழுவதும் அவளுடைய வாயில் இருந்தது.

அப்பா சபைச் செயலாளர். புதன்கிழமை போதகரோடு கதைத்துவிட்டு வந்து, “எங்கடை பிள்ளை முதற் பந்தி. அந்தப் பிள்ளை தன்ரை ஆக்களோடை கடைசிப் பந்தி. கேள்வியும் அப்பதான் கேப்பினம்” என்று அம்மாவிடம் சொன்னார். வயதுப்படி நின்றால் மெர்சி எனக்கு முன்னால். இரண்டு மாதம் மூத்தவள். அதாவது அவள் வாய் வைத்த கிண்ணம் என்னிடம் வரும். அப்பா தடுத்தது அதைத்தான். எனக்கோ ஒரே கவலை, முதற்சொல்லை யார் தருவது என்பதுதான்.

வியாழக்கிழமை ஜேர்மனியில் இருந்து மாமி வந்தார், அப்பாவின் ஒரே தங்கை. என் திடப்படுத்தலுக்கென்றே வந்தவர். மத்தியானம் எல்லோரும் சாப்பிட இருந்தோம். விளைமீன் குழம்பு, முருங்கையிலை வறை. பேச்சு அவருடைய ஊர்ச் சபையைப் பற்றிப் போனது. அதுவும் லூத்தரன் சபைதான்.

“முதல் இரண்டு வருசம் என்ரை வாங்கிலை ஒருத்தரும் வந்து இருக்கேல்லை, மச்சாள்” என்று மாமி அம்மாவிடம் சொன்னார். “ஒரு மனுசி இருந்தவ. பள்ளிக்கூடத்திலை படிப்பிச்ச மனுசி. திருவிருந்திலை நான் பக்கத்திலை வந்து நிண்டா, எழும்பி மற்றத் தொங்கலுக்குப் போயிடுவா. எனக்குப் பிறகு கிண்ணம் எடுக்க அவவுக்கு ஏலாது.”

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சாப்பாட்டுக் கையோடு எழும்பி, இடது கையால் சபைக் கடிதத்தாள் ஒன்றையும் பேனாவையும் எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

“அந்தச் சபையின்ரை விலாசத்தைத் தா. நான் செயலாளர் எண்ட முறையிலை ஒரு கடிதம் எழுதிறன். கடவுளின்ரை வீட்டுக்குள்ளை நிறம் பாக்கிறதோ? வெக்கமில்லையோ அதுகளுக்கு?”

எனக்கு மாமியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விஷயமும் நன்றாக விளங்கியது. விளங்கியதைச் சொல்லாமல் இருக்கும் வயது அது இல்லை.

“அப்ப மாமி, அங்கை நீங்கள்தானோ மெர்சி?” என்றேன்.

மேசைக்கு அடியில் அம்மா என் தொடையைக் கிள்ளினார். அந்தக் கிள்ளலின் தடம் இரண்டு நாள் இருந்தது. மாமி கையில் எடுத்த சோற்றைத் திரும்பச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு, மெர்சி யார் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பின் வாங்கு, கடைசிப் பந்தி, முதற்சொல், எல்லாம். முதற்சொல்லைப் பற்றிச் சொல்லும்போது அழுதும்விட்டேன். எல்லோரும் அதை மெர்சிக்காக வந்த கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

“அது வேறை, இது வேறை” என்றார் அப்பா.

“என்ன வேறை, அண்ணை?”

“உனக்கு அவை செய்தது நிறவெறி. இது ஊர் வழக்கம். ஆரையும் நாங்கள் வராதேங்கோ எண்டு சொல்லேல்லையே. கிண்ணம் குடுக்கிறம்தானே.”

“எனக்கும் குடுத்தவைதான்” என்றார் மாமி. பிறகு குரல் தணிந்து, “நானும் முன் வாங்கிலை இருந்து வளந்தனான் அண்ணை. ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்லை. அந்த மனுசி எழும்பிப் போகேக்கைதான் எனக்கு எங்கடை கோயில் ஞாபகம் வந்தது. வெக்கமாய் இருந்தது” என்றார்.

கடிதத்தாளில் இடது கையால் கோணலாக ‘கனம் ஐயா’ என்று அப்பா எழுதியிருந்தார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

“எழுதுங்கோ. சபை முத்திரையையும் குத்துங்கோ. நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்” என்றார் மாமி. “கடிதத்தோடை வீடியோவும் போகும். எங்கடை ஊரிலை திடப்படுத்தல் எப்பிடி நடக்கும் எண்டு பாக்க அவைக்கு ஆசையாம். மண்டபத்திலை போட்டுக் காட்டுறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். அந்த மனுசியும் வருவா. ஒரு பிள்ளை முன்னுக்கு, ஒரு பிள்ளை கடைசியிலை. ஏனெண்டு அவ கேட்டா நான் என்ன சொல்ல, அண்ணை?”

இதற்குத்தான் அப்பா அசைந்தார். எத்தனை பிரசங்கங்கள் அவரை அசைக்கப் பார்த்திருக்கும். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார மனுசி கதிரையில் இருந்து தன் சபையைப் பார்த்துச் சிரிப்பாள் என்பதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பின்னேரம் திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல், “வயதுப்படி நிக்கட்டாம். போதகர் ஐயாவின்ரை முடிவு” என்றார். போதகர் வாழ்க்கையில் எடுக்காத முடிவு அது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முன் வாங்குகளில் இரண்டு குடும்பங்களைக் காணவில்லை. ஒரு வீட்டில் தலையிடி, மற்ற வீட்டில் வயிற்றுக்குத்து என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஊர்காவற்றுறையில் இருந்து வந்த வீடியோக்காரர் பீடத்துக்குப் பக்கத்திலேயே கமராவை நிறுத்தியிருந்தார். பிள்ளைகளோடு பெற்றோரும் அதே பந்தியில் வரவேண்டும் என்று போதகர் அறிவித்தார். மெர்சியின் அம்மாவும் அப்பாவும் பின் வாங்கில் இருந்து எழும்பி நடந்து வந்து, ஆறாவது வாங்கோடு நின்றுவிட்டார்கள். அதற்கு இந்தப் பக்கம் அவர்களுக்குக் கால் பழகவில்லை. மாமி போய் மெர்சியின் அம்மாவின் கையைப் பிடித்தார்.

“வாங்கோ அக்கா. என்னோடை வாங்கோ.”

போதகர் கண்ணை மூடிக்கொண்டு, இருப்பதிலேயே நீளமான கேள்வியை என்னிடம் கேட்டார். தலை வெறுமையாகிவிட்டது. வலப்பக்கத்தில் இருந்து மூச்சோடு ஒரு சொல் வந்தது. பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி முடித்தேன். அம்மா கண்ணைத் துடைத்தார். அன்று எனக்கு வந்த நிம்மதி போல ஒன்று பிறகு எந்தச் சோதனையிலும் வந்ததில்லை.

முழங்காலில் நின்றோம். முதலில் மெர்சி, அடுத்து நான், பிறகு மாமி, அப்பா, அம்மா, மெர்சியின் பெற்றோர். கிண்ணம் மெர்சியிடம் போய் என்னிடம் வந்தது. அதில் முந்திரிகை இரசம் நிறைய இருந்தது. நான் வஞ்சகமில்லாமல் குடித்தேன். அப்பாவின் பக்கம் கிண்ணம் போனபோது கமரா அவரைப் பார்த்தது. அவர் கமராவைப் பார்த்தார். குடித்தார். இடி ஒன்றும் விழவில்லை. வெளியே வந்ததும் மாமி என்னைக் கட்டிப்பிடித்து, “எல்லாம் நீ கேட்ட கேள்வியாலைதான்” என்றார். நான் பெரிய மனுசி மாதிரி நின்றேன். அந்தக் கடிதத்தை அப்பா எழுதவேயில்லை. பந்திகளில் வயதுப்படி, வந்தபடி நிற்பது மட்டும் அதோடு நிலைத்துவிட்டது. தலையிடிக்காரர்களும் மெல்ல மெல்லச் சுகமாகி வந்தார்கள்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் மாமி அந்த வீடியோவை என் கைபேசிக்கு அனுப்பினார். பார்த்தேன். மெர்சியிடம் கிண்ணம் போகிறது. அவள் முகத்தை நிமிர்த்துகிறாள். கிண்ணம் சரிகிறது. அவளுடைய உதடுகள் இறுக மூடியிருக்கின்றன. விளிம்புக்கும் உதட்டுக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளி. பிறகு ஒன்றுமில்லாததை விழுங்குகிறாள். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மெர்சி இப்போது வவுனியாவில் தாதியாக வேலை செய்கிறாள். அழைப்பெடுத்துக் கேட்டேன்.

“அம்மா சொல்லிவிட்டவ” என்றாள். “வாய் வைக்காதை, உனக்குப் பிறகு செயலாளர் ஐயா குடிக்கவேணும், அவருக்கு அரியண்டமாய் இருக்கும் எண்டு. கிண்ணம் பக்கத்திலை வர நானே மூச்சைக்கூடப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

என் மறதிக்காக மூச்சை விட்டவள், என் அப்பாவுக்காக அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் சிரித்தாள்.

“அடுத்த மாதத் திருவிருந்திலை கமரா இல்லை. அம்மாவும் ஒண்டும் சொல்லேல்லை. முதல் ஆளாய்ப் போய் நிண்டு, போதகர் ஐயா கிண்ணத்தை எடுக்க எடுக்க விடாமல் குடிச்சனான். உனக்கு ஞாபகமில்லையோ? பக்கத்திலை நீதானே நிண்டனி.”

எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த மாதம் கிண்ணம் என்னிடம் வந்தபோது அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. போதகர் ஐயா இரசத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் முறைப்பாடு சொன்னேன்.