நிக்கனோர் வீட்டுப் பட்டிவாசல்

என் சம்பந்தி நிக்கனோருக்கு எடது கையில மூணு வெரல்தான். மீதி ரெண்டையும் பிரான்ஹா மீனு கொண்டுபோச்சு. எளவட்டமா இருந்தப்ப ஆத்தோரம் உக்காந்து மாட்டுக்கறி அலசுனாரு. கூட இருந்தவன் சொன்ன கதைக்குச் சிரிச்சிக்கிட்டே கைய தண்ணியில விட்டுட்டாரு. அவ்வளவுதான். கெண்டைக்கால்ல விரியன் கடிச்ச பள்ளம் இருக்கு. பாதத்துல திருக்கை குத்துன தழும்பு. தோள்ல புள்ளிப்புலி. குட்டி போட்டிருந்த புலி, தெரியாம கிட்ட போயிட்டாரு, சதைய வழிச்சி எடுத்திருச்சு.

நானும் இதே பந்தனால் சதுப்புல, இதே பராகுவாய் ஆத்தோரம், அவரோட சரிக்குச் சரியா மாடு மேய்ச்சவன்தான். வெள்ளம் வந்தா ரெண்டு பேருந்தான் மாட்ட நீந்தவிட்டு மேட்டுக்கு ஓட்டுவோம். கரையில முதலைங்க வெறகு அடுக்குனாப்புல கெடக்கும், நடுவால நடந்து போவேன். ஒண்ணும் என்னைச் சீண்டுனதில்ல. ஒடம்புல ஒரு கீறல் கெடையாது.

அதுல என்ன கொறைன்னு கேப்பீங்க. சாயங்காலம் பண்ணையில வட்டமா உக்காந்து மாட்டுக்கொம்புல தெரரேங்குற குளுந்த எலைத்தண்ணி ஊத்தி, ஆளுக்கு ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டு அடுத்தவனுக்குக் குடுப்போம். வெளியூர்க்காரன் எவனாச்சும் வந்துட்டா நிக்கனோர் சட்டையக் கழட்டுவாரு. அதுக்கப்பறம் ஒருத்தனும் என் பக்கம் திரும்பமாட்டான். நான் புலிக்கத எடுத்தா, "எட்ட நின்னு பாத்ததத்தானே சொல்லப்போற லதிஸ்லாவு"ம்பானுங்க. வீட்டுல வந்து பொலம்புனா என் பொஞ்சாதி ஜுரேமா, "அவ்வளவு ஆசைன்னா நாளைக்கு ஒரு புலிகிட்ட போயி தோளக் காட்டிட்டு வாங்க. உப்புக்கண்டச் சோறு ஆக்கி வைக்கிறேன்"ம்பா.

அந்தாளு பீத்திக்கிறவரா இருந்தாலாவது மனசு ஆறும். அதுவும் இல்ல. புலி கிழிச்சப்பறம் அவரு அண்ணன் கம்போ கிராண்டி டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி அடுக்குமாடியில வாட்ச்மேன் வேல வாங்கிக் குடுத்தாரு. உக்கார நாற்காலி, தலைக்கு மேல ஃபேனு. மழைக்காலம் முடியுறதுக்குள்ள திரும்பி வந்துட்டாரு.

"ஏன்யா வந்த?"ன்னேன்.

"அங்க நாய்க்குச் சட்ட போடுறாங்க"ன்னாரு.

அவரு மக ரோசெனிரத்தான் என் மகன் வால்தெசி கட்டிக்கிட்டான். ரெண்டு பேரும் கொரும்பா டவுன்ல இருக்காங்க. அங்கதான் பொறந்தா எம் பேத்தி மையாரா. மூக்கு எங்க வீட்டு மூக்கு. கொட்டாவி விட்டா எங்கம்மாவேதான். கண்ணு நிக்கனோர் கண்ணுன்னு சொல்றாங்க, நான் ஒத்துக்கல.

எங்க பக்கம் புள்ளையோட தொப்புள்கொடிய எங்க பொதைக்கிறமோ அதுதான் அதுக்குச் சொந்த எடம். மாட்டுப்பட்டி வாசல்ல பொதைச்சா, எங்க போனாலும் மனசு அங்கயே திரும்பும். எலி தின்னுட்டா புள்ள திருடியாயிரும்னு ஆழமா பொதைப்பாங்க. பேத்தி பொறந்த சேதி வந்ததும் நான் என் பட்டிவாசலுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சி வச்சேன்.

புள்ளையத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் படகுல வந்தாங்க. நிக்கனோர் வீட்டு மாமரத்தடியில எல்லாரும் உக்காந்தோம். ரோசெனிர் பஞ்சுல சுத்துன கொடிய எடுத்து எங்க முன்னால வச்சா.

"ரெண்டு தாத்தாவும் தொட்டுக் குடுங்க. டவுன் ஆஸ்பத்திரி தோட்டத்துல பொதைக்கப் போறேன். டாக்டராவட்டும்."

நான் நீட்டுன கைய இழுத்துக்கிட்டேன். "ஏம்மா, இங்க நம்ம மண்ணுல..."

"இங்க பொதைச்சா இங்கயேதான் வருவா மாமா. அப்பாவ ரத்தத்தோட தூக்கிட்டு வந்து கட்டில்ல போட்டப்ப நான் சின்னப்புள்ள. அது இவளுக்கு வேணாம்."

"எல்லாருக்குமா அப்படி ஆவுது?"

"நீங்க சொல்லாதீங்க மாமா. ஒங்கள ஒரு எறும்பு கடிச்சிருக்கா?"

என் மகனே சிரிச்சான்.

அவ நிக்கனோர் பக்கம் திரும்பினா. "நீங்க சொல்லுங்கப்பா. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

பாத்தீங்களா. இதுக்கும் தழும்பு வேணும். அவரு டவுனுன்னு சொல்லிட்டா எம் பேத்தி இந்த ஊருக்கு விருந்தாளிதான். அவரு வாயவே பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு நிதானமா கொம்பு காலியாவுற வரைக்கும் உறிஞ்சினாரு.

"கம்போ கிராண்டியில என்னை எதுவும் கடிக்கலம்மா. தூக்கந்தான் வரல. இங்க புலி கிழிச்ச அன்னிக்கு ஓன்னு அழுதேன். அழுதுட்டு தூங்கிட்டேன். டாக்டருக்குப் படிக்கட்டும், யாரு வேணாங்குறா. ஆனா அவளுக்கும் எங்கயாச்சும் தூக்கம் வரணும்ல."

ரோசெனிர் புள்ளையவே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் மூக்க உறிஞ்சிக்கிட்டு, "சரிப்பா. அப்ப ஒங்க பட்டிவாசல்லயே பொதைங்க"ன்னா.

"எங்க வாசலுக்குப் பெயிண்டெல்லாம் அடிச்சிருக்கேனே"ன்னேன்.

"அதான் மாமா, அந்த வாடைக்குப் புள்ள தும்மும்."

நிக்கனோர் என்னைப் பாத்தாரு. "சம்பந்தி, குழிய நீ தோண்டு. என் தோளு மம்பட்டிக்கு ஒத்துக்காது." சொல்லிட்டு புள்ளைய வாங்கிக்கிட்டாரு.

வாசலும் அவருக்கு, புள்ளையும் அவருக்கு, மம்பட்டி எனக்கு. அந்தக் கடுப்புலயே தோண்டுனேன். மொழங்கால் வரைக்கும் எறங்கிட்டேன்.

"போதும்யா, கன்னுக்குட்டியவா பொதைக்கப்போற?"ன்னாரு.

"எலிக்கு எட்டக்கூடாது"ன்னேன்.

ரோசெனிர் கொடிய என் கையில குடுத்தா. நாந்தான் உள்ள வச்சேன், நாந்தான் மண்ணத் தள்ளி மிதிச்சேன். பாம்பு போற வழி, புலி போற வழி, இனிமே எம் பேத்தி வர்ற வழியும் அதுதான். வாளித் தண்ணியில கைய நல்லா கழுவிட்டு வாளியோடயே ஓடியாந்தேன்.

"குடு புள்ளைய."

"மெதுவா பேசு. தூங்கிட்டா."

அந்த மூணு வெரல்ல தலையத் தாங்கி வச்சிருந்தாரு. அவ வாயத் தொறந்துக்கிட்டு தூங்குறா. நான் பக்கத்துல ஒரு முக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தேன். கையில இருந்த தண்ணி வாளிய கொஞ்சம் சத்தமாவே கீழ வச்சேன்.