தையல் கடையிலிருந்து ஒரு போன்

அந்த இல்லத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. புருஷன் அடி தாங்காமல் பிள்ளைகளோடு வந்த பெண்கள் தங்கும் இடம் அது. தெருவில் யாருக்கும் அது தெரியக் கூடாது என்பதால், நர்சுகள் விடுதி என்று அக்கம்பக்கம் நினைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒன்பது வருஷமாகச் சாவிக்கொத்தும் தொலைபேசியும் ஒருத்தி கையில் இருந்தன. எல்லோருக்கும் அவள் சாவியக்கா. அவள் வராந்தாவில் நடந்து வந்தால், "ஜெயிலர் வர்றாங்கடி, படுங்க" என்று உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். அவளும் கேட்டும் கேட்காததுபோல் போவாள்.

அவளும் அந்த வாசல் வழியாக வந்தவள்தான். அவள் புருஷன் எலக்ட்ரீஷியன். பக்கத்து வீட்டு ஃபேனை ஓசியில் ஓட வைத்துக் கொடுப்பான், தங்கமான ஆள் என்று பேர் வாங்குவான், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துவான். அவள் முதன்முதலாக இந்த இல்லத்துக்குப் போன் செய்தபோது, "இடம் இல்லம்மா, மூணு நாள் பொறுத்துக்கோ" என்றார்கள். பொறுத்தாள். இரண்டாம் நாள் கன்னத்தில் விழுந்த அறையில் இடது காது கேட்காமல் போயிற்று. மூன்றாம் நாள் ஒரு காதோடு வந்து சேர்ந்தாள். அதற்கப்புறம் போனில் யாரிடமும் "பொறுத்துக்கோ" என்ற வார்த்தையை அவள் சொன்னதில்லை. இடம் இல்லையென்றால் இல்லை என்பாள், கிடைத்த நிமிஷம் கூப்பிடுவாள்.

போனுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. பெண் எடுக்காமல் புருஷன் எடுத்துவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது: "தையல் கடையிலிருந்து பேசுறோம், நீங்க குடுத்த துணி ரெடி." அட்டையைப் பார்க்காமலே அவள் வாய்க்கு அது வரும். எத்தனையோ புருஷன்கள் "சரி, சொல்றேன்" என்று வைத்திருக்கிறார்கள்.

நான்கு மாதமாக ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். புருஷன் பஸ் ஓட்டுகிறவன். காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அவன் நிச்சயமாக வண்டியில் இருப்பான், அந்த நேரம் மட்டும் கூப்பிடலாம் என்று சொல்லியிருந்தாள். அடுத்த அறையில் மாமியார் இருப்பாள். அதனால் அந்தப் பெண் பேசும்போதெல்லாம் ஒரு காலால் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள். வெறும் மெஷின், துணி இருக்காது. கடகடவென்று அது ஓடும் சத்தத்துக்கு அடியில் அவள் குரல் வரும்.

"நிறுத்தினா கிழவி எட்டிப் பார்க்கும்க்கா. சத்தம் கேட்டா மருமக சம்பாதிக்கிறான்னு கண்ணை மூடிப் படுத்துக்கும்" என்று ஒருமுறை சிரித்தாள்.

வியாழக்கிழமை ஆறு வயது மகளோடு வருவதாக முடிவாகியிருந்தது. மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிற சாக்கில் கிளம்பி, மருந்துக் கடை முன்னால் நிற்க வேண்டும். இல்லத்து வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு படுக்கை காலியாகிவிட்டது.

சாவியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் மூன்று நாள். மூன்று நாளில் என்னென்ன போகும் என்று அவளுக்குத்தான் தெரியும். மணி பதினொன்று பத்துக்கு எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ" என்றது ஆண் குரல். பஸ் பழுதாகி அன்று அவன் வீட்டில் இருந்தான். அது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

"தையல் கடையிலிருந்து பேசுறோங்க. அம்மா குடுத்த துணி ரெடி."

சொல்லி முடித்தாள். நான்கு மாதமாகக் கேட்ட மெஷின் சத்தம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "தையல் கடையா? எந்தக் கடைம்மா? என் பொண்டாட்டி இந்தத் தெருவுக்கே தைக்கிறவ. அவ எதுக்கு உங்ககிட்ட துணி குடுக்கணும்?"

அவள் வைத்துவிட்டாள். உடனே போன் திரும்ப அடித்தது. எடுக்கக் கூடாது என்பது விதி. அது அடித்துக்கொண்டே இருந்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் தட்டில் கை வைத்தபடி போனையே பார்த்தார்கள்.

பொறுப்பாளர் மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போலீசுக்குச் சொன்னார். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சாதாரணக் குடும்பத் தகராறு மேடம், புருஷன் நல்ல மரியாதையான ஆளு" என்றார்கள்.

"அந்தப் பொண்ணுகிட்ட பேசினாங்களா?" என்று மேடத்திடம் கேட்டாள் சாவியக்கா.

"புருஷன் பக்கத்துல இருக்கும்போது கேட்டாங்களாம். ஒண்ணுமில்லைன்னாளாம்" என்றார் மேடம். "நீ அங்க போகக் கூடாது, தெரியுதா? நம்ம ஆளு யாரும் வீட்டுக்குப் போறதில்லை."

தலையாட்டினாள். புதன்கிழமை தன் அறை ஜன்னல் திரையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணுக்காக எழுதி வைத்திருந்த படிவத்தில் இருந்த முகவரிக்குப் போனாள். நாளைக்கு மருந்துக் கடை முன்னால் அந்தப் பெண் நிற்பாளா மாட்டாளா என்று தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை.

கதவைத் திறந்தவன் அவன்தான்; அன்றும் வண்டிக்குப் போகவில்லை. வழித்து வாரிய தலை, சலவைச் சட்டை. தன் குரலை அவன் கண்டுபிடித்துவிடுவானோ என்று அவள் தொண்டையைக் கனைத்து, "திரை தைக்கணும்" என்றாள், பாதிக் காற்றாக.

"உள்ள வாங்கம்மா. தொண்டை கட்டியிருக்கு போல. உட்காருங்க, டீ போட்டுத் தர்றேன்" என்று சமையலறைக்குப் போனான். கிழவியைக் காணவில்லை.

மெஷினுக்குப் பின்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல்கள் மூன்றைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. மெஷின் மேல் உறை மூடியிருந்தது.

சாவியக்கா குனிந்து திரையை விரிப்பதுபோல, "போன்ல பேசுவேனே, நான்தாம்மா" என்றாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான்கு மாதம் குரலாக மட்டும் தெரிந்தவளின் முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். அழுவாள் என்று சாவியக்கா நினைத்தாள். அழவில்லை.

"துணி ரெடின்னு சொன்னது நீங்கதானா?"

"வாய் தவறிடுச்சும்மா. வா, இப்பவே கிளம்பு. முன்னாடி ஆட்டோ நிக்குது."

"எங்க கிளம்ப? பிள்ளைய அன்னிக்கே அவன் அம்மாவோட அவன் அக்கா ஊருக்கு அனுப்பிட்டான். நான் வாசல் தாண்டினா அவளை மறுபடி பார்க்க முடியாதாம்." உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாலு மாசம் மிதிச்சேன்க்கா. கால் வீங்க வீங்க மிதிச்சேன். ஒரு நாள் கூட அவனுக்குச் சந்தேகம் வரல. வியாழக்கிழமை நானே வந்திருப்பேன். உங்களை யாரு கூப்பிடச் சொன்னது?"

சாவியக்காவிடம் பதில் இருந்தது. இரண்டாம் நாள் போன காதைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த மூன்று விரல்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அவன் டீ கொண்டுவந்தான். அவளிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று. "இவளுக்குக் கை முடியலம்மா. கதவு இடுக்குல விட்டுட்டா, சின்னப் பிள்ளை மாதிரி. இனிமே வெளி வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன். நான் சம்பாதிக்கிறது போதாதா?" என்று மனைவியின் தலையைத் தடவினான். அந்தப் பெண் கண்ணை இமைக்காமல் டம்ளரைப் பார்த்தாள்.

குடிக்காமல் எழுந்தால் சந்தேகப்படுவான். சாவியக்கா குடித்தாள். டீ நன்றாக இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. திரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, சாக்கடையோரம் குனிந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள்.

வியாழக்கிழமை மருந்துக் கடை முன்னால் வண்டி ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியது.

மேடம் படிவத்தை எடுத்தார். கடைசியில் மூன்று கட்டங்கள்: வந்து சேர்ந்தார், கணவரோடு சமாதானமானார், வர விருப்பமில்லை. மூன்றாவதில் பேனா நின்றது.

"அவ விருப்பமில்லைன்னு சொல்லல மேடம்."

"நீ எப்படிம்மா சொல்றே?"

"போய்ப் பார்த்தேன். பிள்ளைய எடுத்து வெச்சுக்கிட்டான். நாமதான் காட்டிக் குடுத்தோம். அதை எழுதுங்க."

மேடம் படிவத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றார். "பிள்ளைக்காக வக்கீல்கிட்ட சொல்றேன். ஆனா வழக்குப் போட அவ கையெழுத்து வேணும்."

"எந்தக் கையால போடுவா?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள். பின்னால் பேனா கீறும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் வேறொருத்தி வந்தாள். கைக்குழந்தை, ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு காலில் மட்டும் செருப்பு. சாவியக்கா அவளைத் திங்கட்கிழமை காலியான அந்தப் படுக்கைக்குக் கூட்டிப் போனாள். புது விரிப்பு, பெரிய தலையணை ஒன்று, சின்னத் தலையணை ஒன்று. வந்தவள் சின்னத் தலையணையைத் தொட்டுப் பார்த்துத் தயங்கினாள்.

"யாருக்காச்சும் எடுத்து வெச்சதாக்கா இது?"

"இல்லம்மா" என்றாள் சாவியக்கா. "படு. உனக்குத்தான்."