மூன்று சட்டி வெந்நீர்

தேனியில் மகன் வீட்டுக்குப் போன மாதம் ஒரு மீன் தொட்டி வந்தது. தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற ஃபில்டரில் ஒரு குழாய், அதில் மாட்ட ஒரு ஓஸ். இரண்டும் ஒரே தடிமன். ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை. மகன் கடைக்காரரை செல்லில் கூப்பிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். மீன்கள் வாளியில் கிடந்தன.

"ஓஸ் நுனிய வெந்நில முக்குய்யா" என்று மெதுவாகச் சொன்னேன். முக்கினான், வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. "ஒனக்கெப்படிம்மா தெரியும்?" என்றான். சும்மா சிரித்து வைத்தேன். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மார்க்கையன்கோட்டைப் பக்கம் தோட்டத்திலேயே வீடு. கிணற்றுக்குப் புதிதாக ஆயில் இன்ஜின் வாங்கியிருந்தோம். அதில் மாட்டும் ரப்பர் ஓஸை வாங்கி வந்தது சித்தப்பா. இன்ஜினில் தண்ணீர் வரும் இரும்புக் குழாயைச் சுற்றிக் கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்குச் சரியாக ஓஸையும் சுற்றி அளந்தே வாங்கினார். வெளிச்சுற்று இரண்டும் அச்சாக ஒன்று. அப்புறம் எப்படி மாட்டுவது?

அன்றைக்குத்தான் ஆண்டிபட்டியிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தை அப்பாவுக்குத் தங்கை. அதற்கு முன் இரண்டு இடத்தார் வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போய்ப் பதிலே சொல்லவில்லை. இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று அப்பா காலையிலிருந்தே வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். சித்தப்பா மட்டும் தெம்பாக இருந்தார். "வறண்ட ஊர்க்காரக. தண்ணி பாயிறதக் காட்டுனோம்னா இங்கனயே தட்ட மாத்திருவாக" என்றார்.

குழாயையும் ஓஸையும் வாயோடு வாய் வைத்துப் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டி, வந்தவர்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் இன்ஜினை முடுக்கினார். பத்து எண்ணுவதற்குள் கட்டு தெறித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குத் தலையிலிருந்து வேட்டி வரைக்கும் அபிஷேகம். சித்தப்பா பாய்ந்து இன்ஜினை நிறுத்தினார். அப்பா முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தாய்மாமன் மீசையைப் பிழிந்துகொண்டு, "எங்க ஊர்ல குடிக்கவே தண்ணி இல்ல. நீங்க என்னன்னா சம்பந்தக்காரகளக் குளிப்பாட்டியில்ல அனுப்புறீக!" என்றார். அது கோபமா கேலியா என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். அவர் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சட்டைக் கையை மடித்துவிட்டு ஓஸைத் தடவிப் பார்த்தார். "ஏ பாப்பா, கொதிக்கக் கொதிக்க வெந்நி வாங்கிட்டு வா" என்றார்.

ஓடினேன். அத்தை சமையல்கட்டு ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பிக்கு வைத்த தண்ணீரை அப்படியே சட்டியில் ஊற்றித் துணியைச் சுற்றிக் கொடுத்தாள். அவர் ஓஸ் நுனியை அதில் ஊறவைத்து, சோப்புத் தடவி, திருகித் திருகிக் குழாய்மேல் ஏற்றிக் கம்பியால் இறுக்கினார். இன்ஜின் ஓடியது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேலை முடிந்ததே என்று உள்ளே போனால், அத்தை இன்னொரு சட்டி வைத்திருந்தாள். "பத்துச்சான்னு கேட்டுட்டு வா." அந்நிய ஆளிடம் எனக்கு வாய் வருமா? அவர் முன்னால் சட்டியை வைத்துவிட்டு நின்றேன். அவர் சட்டியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் வேணும்னு சொல்லு" என்றார். சொன்னேன். அத்தை மூன்றாவது சட்டியும் கொடுத்தாள். அதையும் அவர் ஒன்றும் செய்யவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நேரே அம்மாவிடம் போய், "ஓஸ்தான் மாட்டியாச்சே! அத்தை சும்மா சும்மா வெந்நி போட்டு வெறக வீணாக்குது" என்று கோள் சொன்னேன்.

அம்மா அத்தையைத் திட்டவில்லை. அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளிவிட்டுப் போனாள்.