இடது பக்கத்து எடை

எங்கள் அக்கா புருஷனைப் படகுத்துறையில் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கூப்பிடுவதைக் கேட்டு ஆரம்பித்தது, கடைசியில் அவரைவிட மூத்தவரான டீக்கடைக்காரர் வரைக்கும் தொற்றிக்கொண்டது. மாமாவின் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. கேலிக்குச் சொல்லவில்லை. எங்கள் தொழிலுக்கு அது தேவையான விவரம்.

நான் ஏரியில் வேக்போர்டு படகு ஓட்டுகிறவன். படகு இழுத்துக்கொண்டு போகும். கயிற்றைப் பிடித்தபடி பலகைமேல் நின்று ஒருவர் பின்னால் வருவார். படகு கிழித்துப் போகிற தடத்தில் இரண்டு பக்கமும் அலை எழும்பும். அந்த அலையில் ஏறித்தான் அவர் எம்பிக் குதிக்க வேண்டும். படகு கனமாக இருந்தால்தான் ஆழமாக உட்காரும், ஆழமாக உட்கார்ந்தால்தான் பெரிய அலை வரும். அதற்காகப் படகுக்குள் பெரிய ரப்பர் பைகளை வைத்து, ஏரித் தண்ணீரையே பம்பு போட்டு நிரப்புவோம். பின்மூலைகளில் இரண்டு பை, மூக்குப் பக்கம் ஒன்று.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஓட்டுகிறவன் உட்காருவது வலது பக்கம். அதனால் படகு வலப்பக்கம் சாயும்; இடது அலை நிமிர்ந்து நிற்காமல் நுரைத்துச் சரியும். பின்மூலைப் பைகளைக் கூட்டிக் குறைத்து எத்தனையோ வித்தை காட்டிப் பார்த்தேன், சரிப்படவில்லை.

மாமா வேலை பார்த்த அச்சகம் மூடிவிட்ட சமயம் அது. நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த போனைக் கொடுக்க வந்தவரை, "சும்மா ஒரு ரவுண்டு வாங்க மாமா" என்று இடது பக்கம் உட்காரவைத்தேன். அன்றைக்குக் கயிறு பிடித்தவள், எங்கள் துறையில் நாங்கள் சாம்பியன் என்று கூப்பிடும் பெண். அரை மணி கழித்துப் படகருகே நீந்தி வந்தாள்.

"அண்ணா, இன்னிக்கி என்ன பண்ணீங்க? இடது அலை சுவர் மாதிரி நிக்குது!"

நான் மாமாவைக் காட்டினேன். அவள் கைகூப்பினாள். "சார், தினமும் வாங்க. தயவுசெஞ்சு மெலிஞ்சிடாதீங்க!"

வீட்டுக்குத் திரும்பும்போது மாமா சொன்னார்: "மாப்ளே, பஸ்ஸுல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. ஸ்கூல் போட்டோவுல என்னை ஓரத்துல நிக்க வெச்சு, பாதி ஆளை வெட்டிட்டாங்க. நான் இவ்வளவு பெருசா இருக்கறது நல்லதுன்னு இன்னிக்கித்தான் ஒருத்தங்க சொல்லியிருக்காங்க."

 என் வாய் சும்மா இருக்குமா? "அப்போ இன்னும் ரெண்டு கிலோ ஏத்துங்க" என்றேன். அந்த நாக்கை இன்றைக்கு நினைத்தாலும் அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

மறுநாளே பைகள் அவர் கைக்குப் போய்விட்டன. பைக்குள் காற்றுத் தங்கினால் தண்ணீர் குலுங்கும், அலையும் குலுங்கும். நாங்கள் அந்தக் காற்றை அரைகுறையாகத்தான் வெளியேற்றுவோம். மாமா பையின் வாயை மேலே தூக்கிப் பிடித்து, முழங்காலால் அழுத்தி, "ஏப்பம் விடுடா ராஜா" என்று சொல்லிச் சொல்லிக் கடைசிக் குமிழி வரைக்கும் எடுப்பார். இரண்டு வருஷம் எங்கள் படகின் அலைக்கு ஈடு கிடையாது.

அப்புறம் சர்க்கரை வந்தது. இருபத்தைந்து கிலோ குறைத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அக்கா அடுப்படியையே தலைகீழாக்கினாள். எண்ணெய் போயிற்று, இனிப்பு போயிற்று, தட்டு சின்னதாயிற்று. மூன்று மாதமாகியும் எடை இம்மி அசையவில்லை. அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வீட்டில் அரை வயிறு சாப்பிட்டுவிட்டு வருகிறவர், துறையில் டீக்கடைப் படுதாவுக்குப் பின்னால் நின்று நான்கு கிரீம் பன்னை உள்ளே தள்ளுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை.

"என்ன மாமா இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாம்பியனுக்குத் தேர்வுப் போட்டி வருதுல்ல. அது முடியட்டும். நான் இளைச்சா இடது அலை போயிடும். அப்புறம் என்னை எதுக்குடா கூட்டிட்டுப் போவே?"

கூட்டிப் போவேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் அந்த அலை வேண்டியிருந்தது. படகில் எல்லோரும் வெறுங்காலோடு இருக்கும்போது அவர் மட்டும் ஷூ போட ஆரம்பித்தார். அதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, மூக்குப் பையை அழுத்திக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் சதையோடு ஒட்டியிருந்தது. உள்ளங்காலில் இருந்த புண் எத்தனை நாளையது என்று அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

பன் விஷயத்தை நானே அக்காவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உனக்கு அலை வேணும். எனக்கு என் புருஷன் வேணும்டா" என்றாள்.

தலை குனிந்து வந்தவன், மாமா உட்காரும் இடத்தில் நான்காவதாக ஒரு பை வைத்தேன். சரியாக நூற்றுப் பதினெட்டு லிட்டர். அலை அச்சு அசலாக நின்றது. சாம்பியன் குதித்தாள், விழுந்தாள். வழக்கம்போல வேகத்தைக் குறைத்து அவளிடம் திரும்பினேன். படகின் மூக்கு சடாரென்று இறங்கியது. எங்கள் அலையே எதிரே வந்து மூக்கின் மேலேறி உள்ளே கொட்டியது. கண்மூடித் திறப்பதற்குள் முழங்கால் அளவு தண்ணீர். படகு முழுகாமல் தப்பியது எங்கள் நல்ல நேரம்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமா முதலில் கேட்டது, "இடது அலை எப்படி?"

"நல்லா நின்னுச்சு மாமா."

அவர் முகம் வாடிவிட்டது. "சரிதான். தண்ணிக்குச் சர்க்கரையும் வராது, லீவும் போடாது."

மூக்கு இறங்கிய கதையைச் சொன்னேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "இறங்காம என்ன செய்யும்? நீ வேகத்தைக் கொறைக்கிற சத்தம் கேட்டதுமே நான் எந்திரிச்சுப் பின்னாடி போயிடுவேன். பின்பக்கம் கனமானாத்தான் மூக்கு தூக்கி நிக்கும். மூட்டை எந்திரிச்சுப் போகுமாடா?"

விழுந்தவளை வேடிக்கை பார்க்கத்தான் பின்னால் போகிறார் என்று இரண்டு வருஷமும் நினைத்திருந்தேன்.

"சொல்லவே இல்லையே மாமா!"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீதானே ஓட்டறே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எடைக்குத் தண்ணி போதும் மாமா. எப்போ எந்திரிக்கணும்னு தெரிஞ்ச ஆள்தான் வேணும். நீங்க ஒட்டடைக்குச்சி ஆனாலும் அந்த இடம் உங்களுக்குத்தான்."

மாமா விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "நான் இளைச்சா பின்னாடி போற கனம் கொறையும், மூக்குப் பையிலயும் தண்ணி கொறைக்கணும். இல்லேன்னா சரியா வராது" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாமா இல்லாமலே சாம்பியன் தேர்வானாள். புண் ஆறியதும் அவர் துறைக்குத் திரும்பினார். நான்காவது பையைக் காலி செய்து தன் இருக்கைக்கு அடியில் போட்டுக்கொண்டார். வாராவாரம் எடை பார்ப்பார். தன்னிடம் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தண்ணீரை அந்தப் பையில் ஊற்றுவார்.

போன வாரம் அக்கா முதல் தடவையாகத் துறைக்கு வந்தாள். மாமா ஒரு குவளைத் தண்ணீரோடு குனிந்திருந்ததைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றாள்.

"என்கிட்ட கொறைஞ்சது. கிலோவுக்கு ஒரு லிட்டர். இருபத்து நாலு ஆயிடுச்சு."

அக்கா படகில் இறங்கி, குந்தி உட்கார்ந்து, பைக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினாள். ஒரு முனை வந்தது, மறுமுனை நழுவியது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பவும் தூக்கினாள். முடியவில்லை. மூச்சு வாங்கப் படகின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்வளவையும் சுமந்துக்கிட்டா தினமும் நம்ம வீட்டுக்கு மூணு மாடி ஏறி வந்தீங்க?"

அவர் எடையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மாமாவிடம் ஒரு ஜோக் தயாராக இருக்கும். நானும் சிரிக்கத் தயாராக நின்றேன். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆமா. ரொம்பக் கனமா இருந்துச்சு" என்றார்.