எண்ணெய் வருமுன் நிரப்பிய தண்ணீர்

அறுபதுகளின் தொடக்கம். மாசி மாதம் என்று நினைக்கிறேன். கோயில் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மலை அடிவாரத்தில் வரிசையாகப் பத்துக் காம்பரா, அதாவது பத்து அறை இருந்த லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சுற்று வட்டாரத்து ஊற்றுகள் எல்லாம் வற்றிவிட்டன. பத்து வீட்டுக்கும் ஓடையிலிருந்து தகரக் குழாய் வழியாக விழுகிற ஒரே பீலிதான். அதிலும் ஒரு குடம் நிறைய, ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் ஆகும். மலையில் வேலை செய்கிற களைப்பு போதாதென்று தண்ணீருக்கு நிற்கிற களைப்பும் சேர்ந்துகொண்டது.

அன்று மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தோம். என் தம்பி மேட்டிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தான். அவனுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இரண்டு மைல் மேலே, இதே ஓடைக்கரையில்தான் அது இருந்தது.

"எஞ்சின் எண்ணெத் தொட்டி ஒடைஞ்சு சாக்கடைக் கானுல எறங்கிருச்சு. கான் நேரா ஓடையிலதான் விழுது. கருப்பா, கெட்டியா மெதந்து வருது. பொழுது சாயுறதுக்குள்ள நம்ம பீலிக்கு வந்துரும்க்கா."

கங்காணி முதலில் நம்பவில்லை. பிறகு தானே கொஞ்ச தூரம் ஓடையோரம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது. எங்கள் லயத்துப் பெண்களை மட்டும் கீழே போகச் சொன்னார். ஆண்கள் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். சோற்றில் கை வைத்தவர்கள் அப்படியே எழுந்து, கத்தியை எடுத்துக்கொண்டு மானாப்புல் வெட்டப் போனார்கள்.

பீலிக்கு மேலே ஓடையை அடைப்பதுதான் அவர்கள் திட்டம். முதலில் கல்லும் மண்ணும் போட்டு உயர அடைத்தார்கள். தண்ணீர் தேங்கி வழிய ஆரம்பித்ததும்தான் என் புருஷன் தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய் மேலேதானே மிதக்கும், வழிந்தால் அதுதானே முதலில் வழியும் என்றார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அடைத்ததை மறுபடி பிரித்தார்கள். அடியில் தண்ணீர் போக வழிவிட்டு, மேலே புல்லைக் கட்டுக் கட்டாகக் குறுக்கே கட்டினார்கள். அதில் ஒரு மணி நேரம் போய்விட்டது. யாருக்கும் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

தண்ணீர் பிடித்து வைப்பது எங்கள் பொறுப்பு. எனக்கு அந்த வயதில் வாய் கொஞ்சம் அதிகம். பத்து வீட்டிலும் பாத்திரம் ஒரே அளவா இருக்கிறது? சில வீட்டில் ஒரு குடம், ஒரு சட்டி, அவ்வளவுதான். அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன். கோயிலில் பொங்கலுக்கு வைக்கிற பெரிய அண்டாவை இறக்குவோம், முதலில் எல்லாரும் அதை நிரப்புவோம், அது பொதுத் தண்ணீர், பிறகு அவரவர் குடத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றேன். எல்லாரும் சரி என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பீலியிலும் பிடித்தோம், ஓடையிலும் மொண்டோம். வீட்டில் மிச்சம் மீதி இருந்த தண்ணீரையும் கொண்டுவந்து அண்டாவில் ஊற்றினோம். தலையில் தண்ணீர் பிடிக்கிற தகர டின்னோடு எத்தனை நடை நடந்தேன் என்று நினைவில்லை. கழுத்து கல்லாகிவிட்டது.

எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் ஒரு பெண் இருந்தாள். பிள்ளை பெற்று ஒன்பது நாள். அவளுக்கு வெந்நீர் ஊற்றுவதற்காக அவள் புருஷன் விடியற்காலையிலேயே இரண்டு குடமும் ஒரு பெரிய மண்பானையும் நிரப்பி வைத்துவிட்டுப் போயிருந்தான். நாங்கள் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு அவள் வாசல்வரை வந்தாள்.

"அக்கா, என்கிட்ட மூணு பாத்திரத்துல தண்ணி இருக்குங்க. அதையும் எடுத்து ஊத்திக்கிட்டா எல்லாருக்கும் ஆகும்."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது கோயில் அண்டா புள்ள. தீட்டு வீட்டுத் தண்ணிய அதுல சேக்கக் கூடாது. நீ பேசாம உள்ள போய்ப் படு" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். பதினாறு நாள் தீட்டு எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான், நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் தண்ணீரும் அதே பீலியில் பிடித்ததுதானே? அது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

அண்டா நிறைய இன்னும் ஒரு தகரம்தான் வேண்டும். நான் தூக்கிக்கொண்டிருந்த தகரத்தின் கைப்பிடிக் கட்டை அந்த நேரம் பார்த்துக் கழன்று விழுந்தது. வீட்டுக்குள் ஓடி, மூலையில் இருந்த வேறொரு தகரத்தை எடுத்தேன். மண்ணெண்ணெய் தீர்ந்துபோன தகரம் அது. முந்தின நாள்தான் என் புருஷன் மேல்மூடியை வெட்டிக் கட்டை அடித்து வைத்திருந்தார். அப்படிப்பட்ட தகரத்தைச் சாம்பல் போட்டு நாலைந்து தடவை தேய்த்து, வெயிலில் காயவைத்துத்தான் தண்ணீருக்கு எடுப்போம். எனக்கு அது தெரியாதா? அவசரத்தில் ஒரே ஒரு தடவை அலசினேன். நிரப்பினேன். கொண்டுவந்து அண்டாவில் கவிழ்த்தேன்.

வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். தண்ணீர் மேல் பல நிறத்தில் ஒரு படலம் விரிந்துகொண்டே போனது. அதே நேரத்தில் மேலேயிருந்து ஆண்கள் கத்தினார்கள், "வந்துருச்சு, இனிமே யாரும் அள்ளாதீங்க" என்று. நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டது. புல்லில் முக்கால்வாசி தங்கினாலும், மிச்சம் கசிந்து ஓடையெல்லாம் கருத்துப் போனது. வேலியே பயிரை மேய்ந்த கதை. ஓடையைத் தோட்டத்து எண்ணெய் கெடுத்தது. அண்டாவை நான் கெடுத்தேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். அப்படியே வாசல்களில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவருடைய குடமும் காலியாகப் பக்கத்தில் இருந்தது. அடுத்த தோட்டத்துப் பீலிக்குப் போக மூன்று மைல், பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு தண்ணி, தண்ணி என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லயத்தில் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் சொன்ன வார்த்தை அப்படி. அதை நானேதான் உடைக்க வேண்டும். கடைசிக் காம்பராவரை பத்து வாசல் தூரம்கூட இல்லை. அன்று நடந்த நடையிலேயே அதுதான் நான் நடக்க முடியாமல் நடந்த நடை.

அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன்னே அவளே சொன்னாள். "எல்லாம் கேட்டுச்சுக்கா. எடுத்துக்கிட்டுப் போங்க. நான் தொட்டு ஊத்துனா ஆவாதில்ல, நீங்களே வந்து மொண்டுக்கங்க."

குத்திக் காட்டவில்லை. அவள் உண்மையிலேயே என் வழக்கத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் குடத்தை அவள் முன்னால் வைத்து, "நீயே ஊத்து புள்ள" என்றேன்.

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சொம்பால் மொண்டு ஊற்றினாள். வாசலில் நின்று எல்லாரும் பார்க்கிற மாதிரி நான் முதலில் ஒரு வாய் குடித்தேன். பிறகு என் மகளுக்குக் கொடுத்தேன். அதன் பின் ஒவ்வொருவராக வந்தார்கள். வீட்டுக்கு இரண்டு சொம்பு. அவளுக்கென்று அரைப் பானைதான் மிஞ்சியது. அன்றைக்கு அவள் வெந்நீர் ஊற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் மத்தியானம் தோட்டத்திலிருந்து லொறியில் தண்ணீர் வந்தது. எண்ணெய் குடித்த புல்லை ஆண்கள் அள்ளிப் புதைத்தார்கள். கோயில் அண்டாவைத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனியெல்லாம் வெடித்துப் போனது. ஓடை தெளியப் பத்து நாள் ஆயிற்று. அந்த அண்டா தீட்டுப்பட்டதா இல்லையா என்று யாரும் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில், எத்தனையோ கைகளில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். இன்றைக்கும் யாராவது ஒரு தம்ளரை நீட்டினால், வாங்குமுன் ஒரு நொடி வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த வெட்கம் சாகும்வரை என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றும் இருக்கிறது.